நீர் கோத்த நிலம்

...தேங்கல் என்றேதான் போட்டிருக்கிறார்கள், படத்துக்குப் படம் தேங்கல், மழைநீர்த் தேங்கல், பருவகாலத் தேங்கல், இப்போது வந்ததில் லேசான தேங்கல், அதென்ன லேசான, தூறலா அது, ஒரு இடத்திலாவது வாய் தவறி உண்மை வந்துவிடாதா என்று அவரும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், வரவில்லை, வராது, திரைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆலோசகர் கெட்டிக்காரர், வீடு கட்டும் கம்பெனி சும்மாவா அவரை வைத்துக்கொண்டிருக்கிறது, குரலில் தேனைத் தடவிக்கொண்டு, ஆற்றுக்கும் சதுப்புக்கும் நடுவில் கிடக்கும் அந்த இடத்தைச் சிவப்பு வெளிச்சத்தால் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார், இங்கே பூங்கா, இங்கே குழந்தைகள் விளையாட, இங்கே நீச்சல் குளம்... நீச்சல் குளமாம், ஆறு பெருகினால் அந்த இடம் முழுக்கவே குளம்தான், தனியாக வேறு வெட்டுவானேன். கூட்ட அறையின் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள், குளிர்சாதனம் எல்லாரையும் சட்டைக்குள் சுருங்க வைத்திருந்தது, நீள மேசையின் தலைமாட்டில் தலைவர் அம்மாள், இந்தப் பக்கம் சாலைக்கு ஒருவர், சாக்கடைக்கு ஒருவர், எதிரே தீயணைப்புக்கு ஒருவர், தண்ணீருக்கு இவர். விளக்கம் முடிந்ததும் வரிசையாகக் கேட்பார்கள், ஆட்சேபணை உண்டா, இல்லையா. மற்றவர்கள் இல்லை என்பார்கள், அவர்கள் பிஸ்கட் தட்டைப் பார்க்கிற பார்வையிலேயே தெரிகிறது. தண்ணீர்க்காரர் உண்டு என்று சொல்லிவிட்டால் அங்கே வீடு வராது. ஒரு வார்த்தைதான், இத்தனை வருட உத்தியோகத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியும் இருக்கிறார்.

அலுவலகத்தில் அவருக்குக் கொக்கு என்று பெயர், முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நினைத்துக்கொள்ளட்டும், நெட்டை உடம்பு, நீண்ட கழுத்து, எந்த நிலத்தைப் பார்க்கப் போனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்கி, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றக் காலால் மண்ணை அமுக்கிப் பார்க்கிற ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள். ஆனால் விஷயமே அந்த அமுக்கலில்தான் இருக்கிறது. தேங்கல் என்றால் மேலேயிருந்து வந்த தண்ணீர், போக வழி தெரியாமல் நிற்கிறது, ஒரு வாய்க்கால் வெட்டி மண்ணைக் கொட்டி மேடாக்கினால் கதை முடிந்தது, விதியும் அதற்கு இடம் கொடுக்கிறது. கோத்தல் அப்படியில்லை. நிலம் உள்ளுக்குள்ளே நீர் கோத்துக்கொண்டிருக்கும், மேலே காய்ந்து வெடித்துக் கிடக்கும், பார்க்கிறவன் ஏமாந்து போவான், காலை வைத்து அமுக்கினால் பள்ளம் விழும், விழுந்த பள்ளம் எழும்பாது, அடியிலிருந்து மெல்லக் கசிந்து நிறையும். ஆற்றில் வெள்ளம் வரும்போது வந்து ஒதுங்குவதற்கென்று தண்ணீர் வைத்திருக்கும் இடம் அது, அங்கே மண்ணைக் கொட்டினால் தண்ணீர் ஒழிந்தா போய்விடும், பக்கத்தில் இருக்கிறவன் வீட்டுக்குள் ஏறிவிடும், அதனால்தான் நீர் கோத்த நிலம் என்று எழுதிவிட்டால் அங்கே செங்கல் வைக்க விதியில் இடமில்லை. ஒருமுறை இப்படி அவர் எழுதிக் கொடுத்ததைத் தட்டச்சு செய்த அம்மாள் கொம்பை விட்டுவிட்டு நீர் காத்த நிலம் என்று அடித்துவிட்டார், மேலிடத்துக்குப் போன பிறகுதான் கண்டுபிடித்தார்கள், அலுவலகமே சொல்லிச் சொல்லிச் சிரித்தது, என்ன கொக்கு, எதைக் காக்குது உங்க நிலம் என்று. வீட்டுக்கு வந்து மனைவிமேல் எரிந்து விழுந்தார், அவள் என்ன செய்வாள் பாவம், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள், “தப்பா அடிச்சாலும் சரியாத்தாங்க அடிச்சிருக்காங்க.” உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார். அன்றைக்கு அப்படிக் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு வெங்காயம் உரித்துக் கொடுத்திருக்கலாம், என்ன குறைந்துவிட்டிருக்கும்.

அவள் இருந்தால் இன்றைக்கு இந்தத் தவிப்பே இல்லை. போன வருடம் போய்ச் சேர்ந்தாள், தூரத்து ஊரில் இருக்கும் மகள் ஓடிவந்தாள், அழுதாள், அம்மாவின் அலமாரியை ஒழித்தாள், இட்டலிப் பானையிலிருந்து இருமல் மருந்துவரை எது எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்குக் காட்டிக்கொடுத்தாள், போய்விட்டாள், போகாமல் என்ன செய்வாள், புருஷன், வேலை, நேற்றுப் பிறந்த மாதிரி இருக்கிற பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டது. பிறகு ஒருநாள் போனில், “நீங்க அங்க தனியாக் கிடக்கறது எனக்கு மனசே சரியில்லப்பா, நாங்க அங்கயே வந்துடறோம்” என்றாள். அவர் காதை நம்பவில்லை, போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்து, வீடு பதிவு செய்துவிட்டோம் என்றாள், எங்கே என்று கேட்டார், இந்த இடத்தைத்தான் சொன்னாள். “அங்கயா?” என்று மட்டும் கேட்டார், மேலே ஒன்றும் கேட்கவில்லை, மேலே கேட்டிருக்க வேண்டும், கேட்கவிடாமல் அவள் அடுத்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள், “உங்க வீட்டிலேர்ந்து நடந்தே வந்துடலாம்ப்பா.” நடந்தே... அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் எத்தனை நாள் சாப்பிட்டார், எத்தனை நாள் பால்கனியை ஒழித்துத் துடைத்தார், கடையில் ஒரு குட்டி மஞ்சள் நாற்காலியைப் பார்த்துவிட்டு, இது எதற்கு இப்போது என்று தன்னையே திட்டிக்கொண்டு தாண்டிப் போய், திரும்பி வந்து வாங்கினார். அது இப்போது கூடத்தில் இருக்கிறது, அதில் செய்தித்தாளை வைக்கிறார், யாராவது கேட்டால் செய்தித்தாள் வைக்க வாங்கினேன் என்று சொல்லலாம், யார் கேட்கப்போகிறார்கள்.

இன்று காலை அவர் சட்டை தேய்த்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டாள். இன்னிக்குத்தானேப்பா உங்க மீட்டிங். ஆமாம்மா. நான் ஒண்ணும் கேக்கலப்பா. தெரியும்மா. கிடைச்சா வர்றோம்ப்பா, வேற எங்கயும் விலை கேட்டாலே தலையச் சுத்துது, கிடைக்கலன்னா இங்கயே பாப்பாவ ஸ்கூல்ல சேத்துட்டு ஒரு வீட்டப் பாத்துக்க வேண்டியதுதான், அவரும் எத்தனை நாள்தான் ரெண்டுங்கெட்டானா இருப்பாரு. அதுக்கென்னம்மா. மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்கப்பா. போடலம்மா... போடாமல் என்ன, தேய்ப்புப் பெட்டியை ஒரே இடத்தில் வைத்துவிட்டு நின்றதில் சட்டைக் கைமேல் பழுப்பு ஏறிவிட்டது, அந்தக் கையை மடித்து விட்டுக்கொண்டுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் இருக்கும் உதவிப் பொறியாளர் குனிந்து, “என்ன சார், சண்டைக்குத் தயாரா கையெல்லாம் மடிச்சு விட்டிருக்கீங்க, இன்னிக்கும் ஆட்சேபணையா” என்று கிசுகிசுத்தார், அவர் சும்மா சிரித்துவைத்தார்.

போன வாரம் நிலத்தைப் பார்க்கப் போனபோது அவர் செருப்பைக் கழற்றவில்லை. ஏன் கழற்றவில்லை, முள் இருந்ததா, இல்லை, நேரமில்லையா, நிறைய இருந்தது, காய்ந்துதானே கிடக்கிறது என்று தன் வாயாலேயே சொல்லிக்கொண்டார், இந்த உத்தியோகத்துக்கு வந்து முதல் தடவையாக ஒரு நிலம் காய்ந்து இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு நடந்தார், கோரை இருந்தால் பக்கத்து வாய்க்காலால் இருக்கும், நண்டு வளை இருந்தால் பழையதாக இருக்கும், இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம், அந்த ஆலோசகர்கூட இவ்வளவு நன்றாகச் சொல்லமாட்டார். கம்பெனிக்காரர்கள் வீட்டு எண் எழுதிக் கம்பு நட்டிருந்தார்கள், மகள் சொன்ன எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார், அங்கே வந்ததும் பொறுக்கவில்லை, கழற்றிவிட்டார். அமுக்கினார். மண் குளிர்ந்து, விட்டுக்கொடுத்து, உள்ளே வாங்கியது, காலை எடுத்தார், குதிகாலும் விரல்களும் அச்சடித்த மாதிரி பள்ளம், எழும்பு எழும்பு என்று பார்த்துக்கொண்டே நின்றார்... இப்படித்தான் சாயங்காலங்களில் மனைவியின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார், வழவழவென்று வீங்கிய பாதம், கொலுசு எப்போதோ கழற்றியாகிவிட்டது, அமுக்கிய இடத்தில் குழி விழுந்து அப்படியே நிற்கும், “என்னங்க, எழும்புதா” என்று கேட்பாள், எழும்புது எழும்புது என்பார், நீர் கோத்திருக்கு என்றுதான் டாக்டரும் சொன்னார், அதே சொல், அலுவலகத்தில் அவர் எழுதுகிற அதே சொல், மாத்திரை கொடுத்தார்கள், ஒரு காலையில் கால் வற்றிப்போய் எலும்பு தெரிந்தது, “பாத்தீங்களா, வத்திடுச்சு” என்று காலை நீட்டி நீட்டிக் காட்டினாள், சிறு பிள்ளை புதுச் செருப்பைக் காட்டுகிற மாதிரி, அவரும் சந்தோஷப்பட்டுப்போய் மகளுக்குப் போன் செய்து சொன்னார். வற்றவில்லை. இடம் மாறியிருந்தது. நெஞ்சுக்கு ஏறியிருந்தது. தண்ணீர் ஒழிந்து போவதில்லை என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற மனுஷனுக்கு அது ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும், ஒன்றும் செய்திருக்க முடியாது, ஆனாலும் அந்த ஒருநாள் சந்தோஷத்தை நினைத்தால்தான் அவருக்குத் தாங்க முடிவதில்லை. குனிந்து பார்த்தார், மகள் வீட்டுக் கம்புக்குப் பக்கத்தில் அவர் காலடிப் பள்ளத்தில் தண்ணீர் ஊறி நிறைந்துகொண்டிருந்தது.

அங்கே மண்ணைக் கொட்டினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பதற்கு வரைபடம் தேவையில்லை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாலு வரிசை ஓட்டு வீடுகள், தரையோடு தரையாக. முதல் வீட்டில் ஒரு பெண் ஃபிரிட்ஜைச் செங்கல் அடுக்கி மேலே ஏற்றி வைத்திருந்தாள், மின்சாரப் பிளக்கெல்லாம் தோள் உயரத்தில், சுவரில் பழுப்பாக ஒரு கோடு, போன வெள்ளம் வந்து நின்ற இடம். “இதுவரைக்கும்தான் சார் வரும், இதுக்கு மேல வராது” என்றாள், ஏதோ சொந்தக்காரர் குணத்தைச் சொல்கிற மாதிரி. பிறகு, “அங்க பெரிய வீடெல்லாம் வருதாமே சார், வந்தா எங்களுக்கும் ரோடு போடுவாங்கல்ல” என்று ஆசையாகக் கேட்டாள். தண்ணீர் வேண்டுமா சார் என்றும் கேட்டாள், வேண்டாம்மா என்று வந்துவிட்டார். அவளுக்கு வீடுகள் வேண்டுமாம், மகளுக்கு வேண்டுமாம், கம்பெனிக்கு வேண்டும், தலைவர் அம்மாளுக்கும் ஊரில் வீட்டுப் பஞ்சம் என்று மேலேயிருந்து நெருக்குகிறார்கள், வேண்டாம் என்று சொல்ல ஒருத்தன், அவனுக்கும் உள்ளே வேண்டும் வேண்டும் என்றுதான் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. உண்மையைச் சொன்னாலே போதும். சொந்தக்காரர் யாருக்காவது திட்டத்தில் பங்கு இருந்தால் பரிசீலிக்கிறவர் விலகிக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது, என் மகள் அங்கே வீடு பதிவு செய்திருக்கிறாள், நான் விலகிக்கொள்கிறேன் மேடம் என்று கௌரவமாக எழுந்து வெளியே போய்விடலாம், எல்லாரும், பார், எவ்வளவு நேர்மை என்பார்கள், அவர் நாற்காலிக்கு உதவிப் பொறியாளர் நகர்ந்துகொள்வார், நல்ல பையன், சுறுசுறுப்பு, செருப்பைக் கழற்றாத தலைமுறை, தேங்கல் என்று காகிதத்தில் இருந்தால் தேங்கல்தான் அவருக்கு, இல்லை என்று சொல்லிவிடுவார், வீடு வரும், மகள் வருவாள், பேத்தி நடந்தே வருவாள், மஞ்சள் நாற்காலியிலிருந்து செய்தித்தாளை எடுத்துவிடலாம். தப்பு எங்கே இருக்கிறது இதில்? எங்கேயும் இல்லை. யாரும் கைநீட்டிச் சொல்ல முடியாது. சொல்லிவிடலாம்... செங்கல்மேல் செங்கல் அடுக்கிக்கொண்டு அந்தப் பெண் இன்னும் எவ்வளவு உயரத்துக்குத்தான் ஏற்றுவாள், கூரை இருக்கிறதே... சொல்லிவிடலாம், எழுந்துவிடு, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இனிமேல் எவ்வளவு காலம் இருக்கப்போகிறோம், ராத்திரி இருமினால் யாரென்று கேட்க ஆள் வேண்டாமா, இவ்வளவு பார்த்தது போதாதா... பேத்தி அந்த வீட்டில்தானே படுத்துத் தூங்குவாள், அந்தக் கம்புக்குப் பக்கத்தில், அந்தப் பள்ளத்துக்கு மேலே.

விளக்குப் போட்டார்கள். எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள், சாலை இல்லை என்றது, சாக்கடை இல்லை என்றது, தீயணைப்பு வாயில் பிஸ்கட்டோடு தலையை ஆட்டியது, தலைவர் அம்மாள் இவர் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க” என்றார். அவர் எழுந்தார், எழுந்திருக்க வேண்டியதில்லை, எழுந்துவிட்டார். “மேடம், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். என் பொண்ணு அங்க வீடு புக் பண்ணியிருக்கா. விதிப்படி நான் விலகணும்.” மேசை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆலோசகர் முகத்தில் வெளிச்சம் வந்தது, உதவிப் பொறியாளர் தன் பேனாவைத் தேட ஆரம்பித்தார். இத்தோடு நிறுத்தியிருக்கலாம், நாற்காலியைப் பின்னால் தள்ளினால் போதும், கதவு நாலே எட்டில் இருக்கிறது... “ஆனா அது தேங்கல் இல்ல மேடம். கோத்திருக்கு. என் பொண்ணு வீடு நிக்கப்போற இடத்துலயே கால வச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். மண்ணக் கொட்டினா அந்தத் தண்ணி எதிர்ல இருக்கற வீடுகளுக்குள்ளதான் போகும். ஆட்சேபணை உண்டு. இப்ப விலகச் சொன்னா விலகிக்கறேன்.” தலைவர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “பொண்ணு வீட்டுக்காக விட்டுக்கொடுக்கறவங்கள விலகச் சொல்லலாம், பொண்ணு வீட்டையே வேணாங்கறவர எந்த விதிய வச்சு சார் நான் விலகச் சொல்றது” என்றார். அறையே சிரித்தது, ஆலோசகரும் வேறு வழியில்லாமல் சிரித்தார், அவரும் சிரித்தார். ஆட்சேபணை பதிவானது. அடுத்த திட்டத்துக்குத் திரையை இறக்கினார்கள்.

நடைவழிக்கு வந்தார், வெளி வெயிலில் கண் கூசியது, தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு டம்ளர் குடித்தார், இன்னொரு டம்ளர் குடித்தார், தள்ளிப்போட்டு என்ன ஆகப்போகிறது, கூப்பிட்டார். எடுத்துவிட்டாள், முதல் மணியிலேயே. “வரலம்மா... அது வராது” என்றார், அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை, அழுவாளோ, கோபப்படுவாளோ, அப்பா என்று ஒரு வார்த்தை இழுத்தால்கூட உடைந்துவிடுவேனே என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. நீளமாக, அடக்கி வைத்திருந்ததை விடுகிற மூச்சு. “சரிப்பா” என்றாள். “பரவாயில்லப்பா, நீங்க வருத்தப்படாதீங்க. எனக்குத் தெரியும், நீங்க விடமாட்டீங்கன்னு.” எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க வாயைத் திறந்தார், பின்னால் இரைச்சல், யாரோ கையைத் தூக்கச் சொல்கிறார்கள், பேத்தி கிளுகிளுவென்று சிரிக்கிறாள். “எங்கம்மா இருக்கே?” “ஸ்கூல்லப்பா. பாப்பாவுக்கு யூனிஃபார்முக்கு அளவெடுக்கறாங்க. அப்புறம் பேசட்டுமா?” அளவெடுக்கிறார்களா, இப்போதா, இவர் உண்டு என்று சொன்ன ஈரம்கூடக் காயவில்லையே, போன் செய்தது இப்போதுதானே... அப்படியானால் காலையில் சட்டையின் மேல் தேய்ப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு இவர் நின்றிருந்தபோதே அவள் குழந்தைக்குத் தலை வாரிக் கிளப்பிக்கொண்டிருந்தாளா. சின்ன வயதில் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவரோடு இதே சதுப்பில் நடந்தவள், அவருக்கு முன்னால் காலை வைத்துவிட்டு, “அப்பா, இங்க கோத்திருக்கு” என்று கத்தினவள், ஊரில் எத்தனை இடம் இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு அப்பா செத்தாலும் விடமாட்டார் என்று தெரிந்த ஒரே இடத்தில் போய்... சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது, விலை கட்டுப்படியாகி இருக்கும், மாப்பிள்ளைக்குப் பிடித்திருக்கும், இல்லை, வரமாட்டேன்ப்பா என்று அப்பாவிடம் சொல்ல அவளுக்கும்தான் வாய் வரவில்லையோ, பாவம், என்ன செய்வாள், அதையும் அவரையே சொல்ல வைத்துவிட்டாளோ. கேட்டால் சொல்லிவிடுவாள், பொய் சொல்லத் தெரியாத பெண். “அப்பா? லைன்ல இருக்கீங்களா?” “இருக்கேம்மா, இருக்கேன்” என்றார், “கொஞ்சம் லூசாவே தைக்கச் சொல்லு, வளர்ற பிள்ளை, சீக்கிரம் பத்தாமப் போயிடும்.”